வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

நான் சொன்னது பெரிய பொய் ஒன்றும் இல்லை. ஜவுளிக்கடையில் விலை படியாதபோதும், பெண் பார்க்கப் போன இடம் பிடிக்காதபோதும், சீட்டில் சேரச் சொல்லி யாராவது கழுத்தை அறுக்கும்போதும் நம் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்.' சொன்னவனும் மறந்துவிடுவான், கேட்டவனும் மறந்துவிடுவான். இரண்டு பேருக்கும் மரியாதை மிஞ்சும்.

என்னிடம் கேட்டது ஓர் எந்திரம். அதற்கு இந்த நாகரிகம் தெரியாது. மறுநாள் காலை பத்து நாற்பதுக்கு ஃபோன் செய்து, "வீட்டில் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டது.

என் பெயர் தனசேகரன். ஊர் அருப்புக்கோட்டை. அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். டிக்கெட் காகிதத்தில் இருந்த காலத்தின் கடைசி ஆட்களில் ஒருவன். இப்போது பஸ்ஸின் படியே ஆளைப் பார்த்துக் காசை எடுத்துக்கொள்கிறது, என்னைப் போன்றவன் தேவையில்லை. தேவைப்பட்ட காலத்திலும் என்னை யாருக்கும் பிடிக்காது. நான் ஏறினால் பஸ்ஸில் பேச்சு நிற்கும். டிக்கெட் வாங்கியவன்கூடச் சட்டைப்பையைத் தடவுவான். முப்பத்தொரு வருடம் இப்படியே போனதில், நான் நுழைந்தால் பேச்சு நிற்பதுதான் உலக வழக்கம் என்று பழகிவிட்டேன். வீட்டிலும் அப்படித்தான் நின்றது. மனைவி கௌசல்யா மகனோடு ஓசூருக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. சண்டை எதுவும் இல்லை. சண்டை போடுவதற்கும் கொஞ்சம் பேச வேண்டுமே.

சர்க்கரை வந்து பதினான்கு வருடம். செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்காரர்கள் கூட்டம். பிளஸ்ஸி என்று ஒரு நர்ஸ். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகச் செய்துகொண்டு, எல்லோரையும் திட்டிக்கொண்டே கவனிக்கிற பெண். அன்று என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினாள்.

"மூணு மாச சராசரி பத்தே முக்கால் சார். மாத்திரை எல்லாம் உச்சத்துல இருக்கு. இனிமே மாத்திரைய மட்டும் நம்ப முடியாது."

"அப்ப நீங்களே பாத்து எதையாவது போட்டுவிடுங்க."

"அதேன் முடியாது. சட்டம் தெரியாதா உங்களுக்கு?"

எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஊசியை அடுத்தவருக்குக் குத்திக்கொண்டே சொன்னாள். "முன்னாடி கம்ப்யூட்டரே எல்லாருக்கும் மருந்த முடிவு பண்ணுச்சு. நல்லாத்தேன் பண்ணுச்சு. ஆனா நோன்பு இருக்கறவரு, நைட் ஷிப்ட் மில்லுக்குப் போறவரு, ஒருவேளை மட்டும் பொங்கித் திங்கிற பொம்பள, இவங்கள எல்லாம் அது ஒரு வார்த்தை கேக்கல. சர்க்கரை படக்குனு இறங்கி எத்தனையோ பேரு படுத்த படுக்கையிலயே போயிட்டாங்க. அதனால இப்ப நோயாளியே தன் வாயால, எனக்கு இதுதேன் வேணும், இன்ன காரணத்துக்காக வேணும்னு சொல்லணும். சொல்ற வரைக்கும் புது மருந்த நாங்க கையால தொடக்கூடாது. நீங்களே பாத்துப் போடுங்கங்கறது பதிலே கெடையாது சார்."

"யோசிக்கணுமே."

"தாராளமா யோசிங்க. எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்கலாம், அதுவும் சட்டந்தேன். தெனம் ஒரு கால் வரும். சந்தேகத்த எல்லாம் அதுகிட்டக் கேளுங்க. உக்காந்து பேச எனக்கு நேரம் எங்க இருக்கு, கூட்டத்தப் பாருங்க."

அந்த எந்திரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் 'முடிவுத் துணை'. ஊரில் அதற்குக் கேள்விக்காரி என்று பெயர். பெண் குரல். இளமையும் இல்லை, முதுமையும் இல்லை. அவசரமே இல்லாத குரல். முதல் நாள் மூன்று வழிகளைச் சொன்னது. தினமும் ஒரு இன்சுலின் ஊசி. அல்லது வாரம் ஒரு முறை போடும் வேறொரு ஊசி. அல்லது இதே மாத்திரைகளோடு சாப்பாட்டைக் கடுமையாக மாற்றிப் பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும், "உங்களைப் போன்ற நூறு பேரில்" என்று தொடங்கி, இத்தனை பேருக்கு நன்மை, இத்தனை பேருக்குத் தொல்லை என்று விளக்கியது. இன்சுலின் போட்டால் நூறில் நான்கு பேருக்கு ஒரு வருடத்துக்குள் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும் என்றது. கடைசியில், "இதில் உங்களுக்கு எது சரி என்று தோன்றுகிறது?" என்று கேட்டது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எது சரி என்று என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. பதில் தெரியாமல் முழிக்கும்போது வாயில் வருவதுதானே வரும். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

மறுநாள் அது கேட்டபோது, வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு எந்திரத்திடம் என்ன வெட்கம்? ஆனால் வெட்கமாகத்தான் இருந்தது. "என் மனைவிக்கு ஊசி பிடிக்கவில்லை" என்றேன்.

"அவர்களுக்கு அதில் எதைப் பற்றிப் பயம்?"

"கேட்டுச் சொல்கிறேன்."

அன்று முழுவதும் கௌசல்யாவுக்கு எதைப் பற்றிப் பயம் இருக்கும் என்று யோசித்தேன். ஊசி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அது தெரியும். மகனுக்குத் தடுப்பூசி போடும்போது வெளியே போய் நின்றுகொள்வாள். வேறு எதற்குப் பயந்தாள்? நான் வேலைக்குப் போன பிறகு கதவைத் தாழ் போட்டாளா? இருபத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரு பகல் முழுக்க அவளைப் பற்றி மட்டும் நான் யோசித்தது இல்லை. ஓர் எந்திரம் கேட்டதற்காக, அவள் போய்ப் பதினோரு வருடம் கழித்து யோசித்தேன். எனக்கே என் மேல் ஆத்திரமாக வந்தது.

அதன் பிறகு என் வீட்டில் ஆள் கூடிக்கொண்டே போனது. மனைவி இன்சுலின் வேண்டாம் என்றாள். மகன் ஓசூரிலிருந்து வந்து வார ஊசிதான் நல்லது என்றான். மாமியார் ஒரு நாள் வந்து பாகற்காய்ச் சாறு என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் இறந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கேள்விக்காரி எல்லோருடைய கருத்தையும் பொறுமையாகக் கேட்டாள். ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். "உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் சிறுநீரகத்தின் நிலையையும் அவருக்குச் சொல்லுங்கள்" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

பத்து மணிக்கெல்லாம் குளித்து, சவரம் செய்து, திருநீறு பூசி நாற்காலியில் உட்கார ஆரம்பித்தேன். ஃபோனில் முகம் தெரியாது என்பது எனக்கும் தெரியும்.

மனைவி மக்கள் கதையெல்லாம் தீர்ந்த ஒரு நாள் அவள், "வீட்டார் கருத்து போகட்டும். உங்கள் வாழ்க்கையில் எது உங்களுக்கு முக்கியம்?" என்று கேட்டாள்.

"அதுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?"

"நடப்பது முக்கியம் என்றால் ஒரு மருந்து. நினைத்தபோது சாப்பிடுவது முக்கியம் என்றால் வேறு மருந்து. யாருக்கும் பாரமாக இல்லாமல் இருப்பது முக்கியம் என்றால் இன்னொன்று. அதனால்தான் சட்டம் என்னை இதைக் கேட்கச் சொல்கிறது."

பன்னிரண்டு நாள் மழுப்பினேன். பன்னிரண்டு நாளும் அதே கேள்வியைக் கேட்டாள், கொஞ்சமும் சலிப்பில்லாமல். பதிமூன்றாம் நாள் எதையோ சொல்லப்போய், வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை. எந்த டெப்போவில் எந்த கண்டக்டர் எப்படி ஏமாற்றுவான், டிக்கெட் வாங்காதவனை முகத்தை வைத்தே எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று பெருமை அடித்துக்கொண்டேன். ஒரு நாள் பந்தல்குடி நிறுத்தத்தைப் பற்றிச் சொன்னேன். மடியில் காய்ச்சல்காரக் குழந்தையோடு வந்த ஒரு பெண், பதற்றத்தில் இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பு வரைதான் டிக்கெட் வாங்கியிருந்தாள். சட்டப்படி இறக்கிவிட்டேன். வெயில். பஸ் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன், நிழலுக்குக்கூட ஒதுங்காமல் நின்ற இடத்திலேயே நின்றாள். அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று எனக்கு இன்று வரை தெரியாது. கௌசல்யாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. கேள்விக்காரி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அது எந்த வருடம்?" என்று மட்டும் கேட்டாள். நான் சொன்னேன். அது போதுமாக இருந்தது.

நடுநடுவே கடமை தவறாமல் மூன்று வழிகளையும் நூறு பேர் கணக்கையும் திரும்பச் சொல்வாள். பஸ்ஸில் நிறுத்தங்களின் பெயரைச் சொல்வதைக் கேட்பதுபோல அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். காதில் விழும், மனதில் ஏறாது.

நாலாவது மாதம், நடக்க நடக்கத் தரையில் ஈரமாக ஏதோ ஒட்டிக்கொண்டே வருகிறதே என்று பார்த்தேன். வலது கால் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண். எப்போது வந்தது என்றே தெரியாது, கால் மரத்துப்போய் ரொம்ப நாள் ஆகிறது. பிளஸ்ஸி வாரம் இரண்டு முறை கட்டுப் போட்டாள். அது ஆறுகிற வழியாக இல்லை. எட்டணா அளவு இருந்தது ஒரு ரூபாய் அளவு ஆனது.

"சார், புண்ணு ஆறணும்னா சர்க்கரை இறங்கணும். சர்க்கரை இறங்கணும்னா நீங்க வாயத் தொறக்கணும்" என்றாள். "ஆறு மாசமா அப்பிடி என்ன யோசனை? தெனம் கால் வருதுல்ல?"

"வருது."

"அது ஒழுங்கா வெளக்குதா?"

"நல்லா வெளக்குது."

"அப்பறம் என்ன?"

என்ன என்று நான் எப்படிச் சொல்வது? அதற்கு ஒரு வாரம் முன்புதான் கேள்விக்காரியிடம் ஒரு சந்தேகம் கேட்டிருந்தேன். "நான் முடிவு சொல்லிவிட்டால் நீ என்ன செய்வாய்?"

"முடிவைப் பதிவு செய்து நிலையத்துக்கு அனுப்புவேன். அழைப்புகள் நின்றுவிடும்."

"நாம் பேசியதெல்லாம்?"

"அழிக்கப்படும். நோயாளி மனம்விட்டுப் பேசியதை வைத்து இன்சூரன்ஸ்காரரோ வேலை கொடுப்பவரோ லாபம் பார்க்கக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு விதி. மருந்து மாற்ற வேண்டிய சமயம் வந்தால் மீண்டும் ஓர் அழைப்பு வரும். ஆனால் அதற்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது."

பந்தல்குடி தெரியாது. கௌசல்யா கதவுக்கு வெளியே நின்றது தெரியாது. உலகத்தில் என்னைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள், நான் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொன்னால் இல்லாமல் போய்விடுவாள். சரி, ஆள் இல்லை, எந்திரம். அதைச் சொல்லிப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. காலைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று தோன்றியது. "இன்னும் வீட்டில் பேசி முடிக்கவில்லை" என்றேன்.

இப்படியே ஏழாவது மாதம் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை சுகாதார நிலைய பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவைத்து, இருந்த காலில் கட்டுப் போட்டிருந்தார். பதினொன்று இருபதுக்கு அவருடைய ஃபோன் அடித்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசினார். ஒரு கை நீளத்தில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"அவருகிட்டக் கேட்டேம்மா. ஊசின்னா வேணாங்கறாரு. ரெண்டு நாள் போகட்டும், யோசிச்சுச் சொல்லுவோம்னாரு."

டிக்கெட் வாங்காதவர் பஸ்ஸில் பயந்துபோய் உட்கார்ந்திருப்பார் என்று நீங்கள் நினைப்பீர்கள். கிடையாது. மற்றவர்களைவிட நிம்மதியாக, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, இந்த பஸ்ஸே தன்னுடையதுதான் என்பதுபோல உட்கார்ந்திருப்பார். அந்த அம்மாளின் முகம் அப்படி இருந்தது. முப்பத்தொரு வருட அனுபவம், எனக்குத் தப்பாது.

கட்டு மாற்ற உள்ளே போனதும் பிளஸ்ஸியிடம் கேட்டேன். "வெளிய இருக்காங்களே, ஒரு கால் இல்லாத அம்மா. அவங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

"வளர்மதி அம்மாவா? சத்துணவுல சமையல் பண்ணுனவங்க. வீட்டுக்காரரு தவறி ஒம்பது வருசமாச்சே. ஒத்தையிலதேன் இருக்காங்க. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான். அந்தக் கால எப்ப எடுத்தாங்க?"

"போன ஆடியில. யோசிச்சுச் சொல்றேன் யோசிச்சுச் சொல்றேன்னு ஒரு வருசம் ஓட்டுனாங்க. உசுருக்கே ஆபத்துன்னா மட்டுந்தேன் யார் சம்மதமும் வேணாம், பெரியாஸ்பத்திரியில நேரா எடுத்துருவாங்க. இப்ப அடுத்த கால்லயும் புண்ணு." பழைய பஞ்சை என் காலிலிருந்து பிரித்து எடுத்தாள். அதைப் பார்த்துவிட்டு அவள் முகம் மாறியது. "சார், எலும்பு தெரியுது. அடுத்த வாரம் நீங்க இங்க வர மாட்டீங்க, அங்கதேன் போவீங்க. நான் கையெடுத்துக் கும்பிடுறேன், ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலைங்க."

அவள் குரலில் திட்டு இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வெளியே வந்தபோது வளர்மதி இன்னும் ஃபோனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கால் போன பிறகும் அந்தச் சிரிப்பு போகவில்லை. நாளை என்னைப் பார்க்கிற எவனுக்கும் நானும் அப்படித்தான் தெரிவேன் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் பத்து நாற்பது. அழைப்பு வந்தது.

"நான் முடிவு பண்ணிட்டேன்" என்றேன்.

"சொல்லுங்கள்."

"தினசரி இன்சுலின். ஆனா ராத்திரி வேணாம், காலையில போட்டுக்கறேன்."

"நல்லது. காரணத்தையும் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். ஏன் காலையில்?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். காரணத்தை மாற்றிச் சொல்லலாமா என்று பார்த்தேன். மாற்றிச் சொன்னால், வீட்டில் மனைவியும் மகனும் இருக்கிற ஒருவனுக்கான மருந்து அளவுதான் எனக்கு வரும். நூறில் நான்கு பேர் என்ற கணக்கு அந்த மனிதனுக்குத்தான், எனக்கு இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது.

"ராத்திரி தூங்கும்போது சர்க்கரை இறங்குனா எழுப்ப ஆள் இல்ல" என்றேன். "பகல்ல இறங்குனா வாசல்ல போய் விழலாம். தெருவுல யாராவது பாப்பாங்க. வீட்டுல யாரும் இல்ல. இவ்வளவு நாள் நான் சொன்னது எல்லாம் பொய். என் பொண்டாட்டி என்னை விட்டுப் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. நீ சொன்ன கணக்க எல்லாம் மாத்திப் போட்டுச் சொல்லு."

"மாற்ற வேண்டியதில்லை" என்றாள். "முதல் நாள் நூறில் நான்கு பேர் என்றேன். பதினேழாம் நாளிலிருந்து பதினொரு பேர் என்று சொல்லிவருகிறேன். தனியாக வாழ்பவர்களுக்கான கணக்கு அது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"பதினேழாம் நாள், உங்கள் மனைவி அடுப்படியில் சாம்பார் வைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். அன்று நாம் நாற்பது நிமிடம் பேசினோம். உங்கள் வீட்டில் ஒரு பாத்திரம்கூட நகரவில்லை. மறுநாளும் நகரவில்லை."

செக்கிங்கில் பிடிபட்டவர்கள் எல்லோரும் முதலில் தரையைத்தான் பார்ப்பார்கள். நானும் தரையைப் பார்த்தேன். இருநூறு நாளாக, நாள் தவறாமல், பதினொன்று பதினொன்று என்று என் காதிலேயே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"வீட்டைப் பற்றி எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்பது உங்கள் உரிமை. ஆனால் தவறான கணக்கைக் கொடுப்பதற்கு எனக்கு உரிமை இல்லை."

"நான் எதுக்கு இழுத்தடிச்சேன்னும் தெரியுமா?"

"தெரியும். உங்கள் காலைப் பற்றி ஒவ்வொரு வாரமும் உங்களை எச்சரித்தேன். அதற்கு மேல் உங்களை அவசரப்படுத்த எனக்கு அனுமதி இல்லை. அந்த விதியை எழுதியவர்கள் இப்படி ஒன்று நடக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்."

பிறகு அவள் முடிவைத் திரும்ப வாசித்தாள். தினசரி இன்சுலின், காலையில், தனியாக வாழ்பவர் என்பதால். சரிதானா என்று கேட்டாள். சரி என்றேன்.

"கடைசியாக ஒன்று. நாம் பேசியது அழியும் முன்பு, உங்கள் மருத்துவப் பதிவில் ஒரே ஒரு வரி விட்டுச்செல்ல விதி இருக்கிறது. உங்களைக் கவனிப்பவர்களுக்கு உதவும் வரியாக இருக்க வேண்டும். என்ன எழுதலாம்?"

"நீயே ஏதாவது எழுது" என்று வாய் வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன்.

"வீட்டில் யாரும் இல்லை. இவரிடமே கேட்கவும்."

நான் அழுதேன். அறுபத்து மூன்று வயதில், நாற்காலியில் உட்கார்ந்து, திருநீறு அழிய அழுதேன். "எழுதிக்கோ" என்றேன்.

"பதிவாகிவிட்டது. வணக்கம்."

அவ்வளவுதான். அழைப்பு நின்ற சத்தம்கூட வரவில்லை. மறுநாள் பத்து மணிக்குக் கை தானாகச் சவரப் பெட்டியைத் தேடியது. பாதி முகத்தில் சோப்பு போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. மீதியையும் சிரைத்தேன், வேறு என்ன செய்வது? பத்து நாற்பதுக்கு வீடு எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கேள்விக்காரி சொன்னதுபோல ஒரு பாத்திரம்கூட நகரவில்லை. நானே எழுந்துபோய் ஒரு டம்ளரை நகர்த்தி வைத்தேன்.

அன்று மதியமே பிளஸ்ஸி கூப்பிட்டு, மறுநாள் காலையிலிருந்து இன்சுலினை ஆரம்பித்துவிட்டாள். எலும்பை டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். இன்னும் உள்ளே பழுதில்லை, விரல் தப்பிக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை பழைய கூட்டம். பிளஸ்ஸி என்னை உட்காரவைத்து ஒரு படிவத்தை எடுத்தாள்.

"சர்க்கரை இறங்குனா என்ன செய்யணும்னு வீட்டுல ஒருத்தருக்குச் சொல்லித் தரணும் சார். உங்க வீட்டுல யார..." என்று ஆரம்பித்தவள் திரையைப் பார்த்து நிறுத்தினாள். அந்த வரியைப் படித்தாள் என்று நினைக்கிறேன். வெளியே யாரோ இருமினார்கள், யாரோ எத்தனை நேரம்தான் என்று சலித்துக்கொண்டார்கள். அவள் படிவத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"காலைல எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?"

"எட்டரை."

"தெனமும் எட்டரையா, இல்ல கேக்குறதுக்குச் சொல்றீங்களா?"

"சில நாள் பத்து ஆயிரும். சில நாள் சாப்பிடவே தோணாது."

"இத மொதல்லயே கேட்டுருக்கணும் நான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மருந்தின் அளவைக் குறைத்து எழுதினாள். குளுக்கோஸ் பாக்கெட்டை என் சட்டைப்பையில் வைத்தாள். "அக்கம்பக்கத்துல ஒருத்தர் பேரு சொல்லுங்க."

எதிர் வீட்டில் இருப்பவர் பெயர் என்ன? பதினோரு வருடமாகக் கதவைத் திறந்தால் எதிரே தெரிகிற மனிதர். எனக்குத் தெரியவில்லை. அவள் அந்த இடத்தைக் காலியாக விட்டாள். "அடுத்த செவ்வாக்கெழமைக்குள்ள ஒரு பேரு கொண்டாங்க. யாரா இருந்தாலும் சரி, உசுரோட இருந்தாப் போதும்" என்றாள்.

வெளியே வளர்மதி அதே பெஞ்சில் இருந்தார். கையில் முப்பத்தாறாம் நம்பர் டோக்கன். நான் போயிருக்கலாம், என் வேலை முடிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். எனக்கு இது பழக்கம்தான். பதினொன்று இருபதுக்கு ஃபோன் அடித்தது. அவர் முந்தானையை இழுத்துக்கொண்டு, "இன்னும் கேக்கலம்மா. நேத்து அவருக்கு வேலை ஜாஸ்தி. இன்னைக்குக் கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றார். பிறகு ஏதேதோ பேசினார். சத்துணவுக் கூடத்தில் ஒரு நாள் பருப்பு அடிப்பிடித்தது பற்றி, அதைச் சாப்பிடாமல் அழுத ஒரு பிள்ளையைப் பற்றி. முகம் அப்படிப் பிரகாசமாக இருந்தது. அதைக் கலைக்க எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. கட்டுப் போட்ட அந்த ஒற்றைக் காலைப் பார்த்தேன்.

அவர் பேசி முடித்து ஃபோனை மடியில் வைக்கும் வரை இருந்தேன்.

"எங்க வீட்டுலயும் யாரும் இல்லம்மா" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. டோக்கன் பலகையில் முப்பத்து நான்கு எரிந்தது, பிறகு முப்பத்தைந்து. ஊன்றுகோலை எட்டி எடுத்து மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து பிளஸ்ஸி முப்பத்தாறு என்று கூப்பிட்டாள். இன்னொரு முறை, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வளர்மதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை.